நாளைய தண்ணீரை இன்றைக்குப் பிடிக்க முடியாது

ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத தங்கச்சிமார், தம்பிமார் ஏழெட்டுப் பேர் இப்போது நம் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருகிறீர்கள். போன மாதம் கூட்டம் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, கவலைப்படக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு. எனக்கு ராத்திரி முழுக்க அதுதான் ஓடுது. நான் விசுவாசியே இல்லையோ?" என்று கேட்டாள். வாசலில் நின்றபடி அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பினேன். சரியாகச் சொல்லவில்லையே என்று அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1983இல் கல்யாணமாகி, நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து பம்பாயில் இந்தக் கோவண்டிக்கு வந்தேன். அப்போது எங்கள் ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, அம்மா கொடுத்த வேதப்புத்தகம், இவ்வளவுதான் கொண்டுவந்தது. 1998இல் வீட்டுக்காரர் தவறிவிட்டார். பொத்தான் தைத்து, ஜரிகை வேலை செய்து, பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கி இரண்டு பையன்களை வளர்த்தேன். கவலையைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததைவிட இந்த ஒற்றை அறையில் படித்ததுதான் அதிகம்.

1. கவலை வந்த உடனே, "எனக்கு விசுவாசம் இல்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் சாப்பிடுங்கள், படுங்கள்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய எலியா மறுநாளே உயிருக்குப் பயந்து ஓடுகிறார். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை, ஒரு வசனமும் சொல்லவில்லை. தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வருகிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. நாற்பது நாள் நடந்து மலைக்குப் போன பிறகுதான் பேச்சே தொடங்குகிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு வெறும் வயிற்றோடு எடுக்கிற முடிவு எதையும் நம்பாதீர்கள். பெண்பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்றுவிட்டு, அப்புறம் மனசு சரியில்லை என்கிறோம்.

2. கவலைக்குப் பெயர் வையுங்கள்.

நம் பழைய போதகர் ஒருமுறை சொன்னார்: பழந்தமிழில் கவலை என்றால் கிளை பிரிகிற வழி. சென்னைப் பல்கலைக்கழக அகராதியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் வருகிற மெரிம்னா என்ற சொல்லையும், பிரித்தல் என்ற சொல்லோடு சேர்த்துத்தான் விளக்குவார்களாம். எனக்கு அது அப்படியே பிடிபட்டது. பாதை பிரிகிற இடத்தில் நின்றுகொண்டு எல்லாப் பாதையிலும் ஒரே நேரத்தில் நடந்து பார்க்கிறோம். கால் நோகிறது, நின்ற இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை.

அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் நோட்டு போதும். "என் வாழ்க்கை என்னாகுமோ" என்று எழுதாதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "ஜூன் 10க்குள் பெரியவன் பள்ளிக்கூடத்துக்கு 4,000 ரூபாய் கட்ட வேண்டும், கையில் 1,500 இருக்கிறது" என்று எழுதுங்கள். "பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிறது, வீட்டுச் சொந்தக்காரர் வாடகையைக் கூட்டுவார்" என்று எழுதுங்கள். பிலிப்பியர் 4ஆம் அதிகாரம் கவலையை விடச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்தவில்லை. உங்களுக்கு வேண்டியதைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறது. பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார், நினைவிருக்கட்டும். அவருக்குத் தெரியாததா ஆண்டவருக்குத் தெரியும் என்பது? தெரிந்தும் சொல் என்கிறார். எதைக் கேட்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லும்போது பாதி இருட்டு விலகுகிறது.

3. டிரம்மைப் பாருங்கள்.

நம் ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு நீல டிரம் இருக்கிறது. விடிகாலை நான்கு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், அல்லது வராது. வந்தால் முக்கால் மணி நேரம். பைப்பைக் குழாயில் செருகிவிட்டு, விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்போம். டிரம் பாதி நிறைந்தால் ஒரு சத்தம், கழுத்தளவு வந்தால் வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

நான் வந்த புதிதில், தண்ணீர் நின்றுபோகுமோ என்ற பயத்தில் குடம், வாளி, சமையல் பாத்திரம், குழந்தை குளிக்கிற தொட்டி எல்லாவற்றிலும் நிரப்பி வைப்பேன். நடக்க இடமிருக்காது. ஒரு மழைக்காலத்தில் மாநகராட்சி ஆள் வந்தார். டார்ச் அடித்து டிரம்முக்குள்ளே காட்டினார். நூல் மாதிரிப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கொசுப்புழு. சேர்த்துவைத்த நல்ல தண்ணீரில் ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும் என்று சொல்லி, நான் காத்த தண்ணீர் முழுவதையும் சாய்த்துவிட்டுப் போனார். அழுகையே வந்துவிட்டது. அன்று சாயந்தரம் யாத்திராகமம் 16 எடுத்தேன். வனாந்தரத்தில் மன்னாவைப் பொறுக்கியவர்கள் மறுநாளுக்கென்று மிச்சம் வைத்தார்கள். அது புழுத்து நாறியது. அதுவரை அதைக் கதையாக வாசித்திருந்தேன். அன்று என் டிரம்மிலேயே கண்டேன்.

நாளைக்குரிய கிருபை நாளைக்குத்தான் வரும். நாளைக்குரிய கஷ்டத்தை மட்டும் இன்றைக்கே இழுத்துப் பிடித்து நிரப்பினால், அதைச் சுமக்கிற பலம் இன்றைக்குக் கையில் இருக்காது. அதனால்தான் ஒடிந்துபோகிறோம். மத்தேயு 6இல் ஆண்டவர் நாளைக்குப் பாடு இராது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் பாடு உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். எனக்கு அது பெரிய ஆறுதல். நம் நிலைமை தெரியாமல் பேசுகிறவர் அல்ல அவர்.

இதைச் சொன்னால் சில பேர் சீட்டுக் கட்டுவதை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. அதே யாத்திராகமம் 16இல் ஆறாம் நாளில் மன்னாவை இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னார். அது கெடவுமில்லை. சேமிப்புக்கும் பயத்துக்கும் வித்தியாசம் உண்டு. சீட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தால் அது சேமிப்பு.

4. கவலைப்படுவதையே சத்தமாகச் செய்துவிட்டு அதை ஜெபம் என்று நினைக்காதீர்கள். அரை மணி நேரம் முழங்காலில் நின்று ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் புலம்பி எழுந்தால், உட்கார்ந்தபோது இருந்ததைவிடக் கனம் கூடியிருக்கும். நோட்டில் எழுதியதை ஒரு தடவை சொல்லுங்கள். நேற்று நடந்த நல்லது இரண்டைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுங்கள். ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள். 23, 46, 121 மூன்றையும் மனப்பாடம் பண்ணிவையுங்கள். மின்சாரம் போன ராத்திரியில் புத்தகம் உதவாது.

5. ஜெபியுங்கள், காகிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

நெகேமியா 4இல் எருசலேமின் அலங்கம் கட்டினவர்கள் தேவனை நோக்கி ஜெபித்தார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. கோவண்டியில் காவல் என்றால் காகிதம். 2004 முடிந்து 2005 பிறக்கிற சமயத்தில் மும்பையெங்கும் குடிசைகளை இடித்தபோது நம் பக்கத்திலும் புல்டோசர் வந்தது. தப்பியவரையும் தப்பாதவரையும் பிரித்தது பெரும்பாலும் ஒரு பழைய மின்கட்டண ரசீது, ஒரு வாக்காளர் பட்டியல் பக்கம். குடிசைப் புனரமைப்புத் திட்டத்தில் இலவச வீடு கிடைக்க 2000 ஜனவரி 1க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். விசுவாசம் இருக்கிறது என்று சொன்னால் அந்த மேஜையில் எடுபடாது.

அதே 2005இல் ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பையன்கள் இரண்டு பேரையும் பரணில் ஏற்றிவிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தேன். திறந்தபோது எல்லாம் கூழ். கல்யாணப் பதிவு, வீட்டுக்காரரின் மரணச் சான்றிதழ், ரேஷன் கார்டு. அம்மாவின் வேதப்புத்தகமும் ஊறிப்போயிருந்தது. அதை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் உலர்த்தினேன், இன்றும் வைத்திருக்கிறேன், பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். மற்றக் காகிதங்களைத் திரும்ப வாங்க ஒன்றரை வருஷம் அலைந்தேன்.

ஆகவே இன்றைக்கே செய்யுங்கள்: எல்லாவற்றையும் இரண்டு ஜெராக்ஸ். ஒன்று பிளாஸ்டிக் கவரில் பரணில், இன்னொன்று ஊரில் அம்மா வீட்டில். அதன் பிறகு அதைப் பற்றி நினைக்காதீர்கள். உங்கள் பங்கைச் செய்து முடித்த காரியத்தைப் பற்றித் திரும்பவும் கவலைப்படுவது ஆண்டவருடைய பங்கில் கைவைப்பது.

6. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. நம் சபைத் தம்பி ஒருவனுக்குக் காசநோய் வந்தது. நெருக்கமான வீடுகள், காற்று நுழையாத சந்து, பக்கத்தில் 1927இலிருந்து குப்பை கொட்டிவருகிற தேவனார் மேடு. இந்த நோய் இங்கே புதிதில்லை. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டான், இருமல் நின்றது, உடம்பு தேறியது. வெளியூரிலிருந்து வந்து ஜெபித்த ஒருவர், சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றார். நிறுத்திவிட்டான். ஆறு மாத மருந்தை இரண்டு மாதத்தில் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வந்தது. பிழைத்துக்கொண்டான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஒன்றரை வருஷம் போயிற்று, காதும் கொஞ்சம் போயிற்று.

எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடந்து அழுது ஜெபித்தார். ஆண்டவர் கேட்டார், பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகச் சொன்னார். அந்த வாக்குக் கொடுத்த பிறகு, ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின் மேல் வைக்கச் சொன்னார். 2 இராஜாக்கள் 20இல் இருக்கிறது. வாக்குத்தத்தமும் வந்தது, பற்றும் போட்டார்கள். மாத்திரையைக் கையில் வைத்து ஸ்தோத்திரம் சொல்லி விழுங்குங்கள். காசநோய்க்காரர்களுக்குச் சத்துணவுக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பர் வரை 500ஆக இருந்தது. கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

மனசுக்கும் இதே பேச்சுதான். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, பிள்ளையைப் பார்த்தால்கூடச் சந்தோஷம் வரவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது என்னிடம் மட்டும் சொல்லித் தீருகிற காரியமல்ல. டாக்டரிடம் போங்கள். 14416 என்ற எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். நம் தேவனாரில் இருக்கிற டாடா சமூக அறிவியல் கல்வி நிறுவனமும் 2012இலிருந்து ஐகால் என்று ஒரு ஆலோசனைத் தொலைபேசி நடத்துகிறது. கூப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிடாது. நான் உங்களோடு வந்து பக்கத்தில் உட்காருகிறேன், வேண்டுமானால்.

7. காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுக்காரர் போன மறுவருஷம் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் என் ஒரு ஜோடி வளையலைக் கழற்றிப் போட்டேன். கடன் அப்படியேதான் இருந்தது, வளையல்தான் இல்லை. ஆண்டவர் மேல் வருத்தப்பட்டுப் பல மாதம் வேதத்தைத் தொடவில்லை. அவர் கேட்காததை அவர் பெயரில் வேறொருவர் கேட்டார் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

8. தனியாகச் சுமக்காதீர்கள்.

மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற நமக்கு, அது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று தெரியும். ஆண்டவர் அந்த நான்கு பேருடைய விசுவாசத்தைத்தான் பார்த்தார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று ஒரு சொல் இல்லை. உங்களால் நம்ப முடியாத வாரத்தில் நாங்கள் உங்களுக்காக நம்புகிறோம். சபை இருப்பது அதற்குத்தான்.

பதில் நம் சபைக்காரர் கையிலிருந்துதான் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2020 மார்ச் 25இலிருந்து எல்லாம் அடைபட்டது. லோக்கல் ரயில் நின்றது, பீஸ் வேலை நின்றது, ஆராதனையும் இல்லை. ஏப்ரல் கடைசியில் அரிசி ஒரு ஆழாக்குதான் இருந்தது. நோட்டில், "அரிசி" என்று மட்டும் எழுதினேன். அப்போது ரம்ஜான் நோன்பு தொடங்கியிருந்தது. எதிர் வரிசை முஸ்லிம் அக்கா, தன் வீட்டுக்கு வந்த நோன்புக்காலப் பையில் பாதியைப் பிரித்து, அரிசியும் பருப்பும் எண்ணெயும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து என் வாசற்படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கூப்பிட்டாள். அவளுக்கும் அன்று வருமானம் கிடையாது. எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்தது காகம். அந்தக் காகங்கள் யாருடையவை என்று அவர் கேட்டதாக வேதத்தில் இல்லை.

காகம் என்றதும் இன்னொன்று. லூக்கா 12இல் ஆண்டவர் காகங்களைக் கவனிக்கச் சொல்கிறார். தேவனார் மேட்டின் மேலே காகமும் பருந்தும் விடியும் முன்பே வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். 2016 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது, அந்தப் புகை விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில்கூடத் தெரிந்தது. புகை அடங்கின மறுநாளே அவை வந்துவிட்டன. கூட்டில் உட்கார்ந்து தின்னவில்லை, பறந்து தேடுகின்றன. விதைக்காமல் அறுக்காமல் இருப்பது சும்மா இருப்பதாகாது.

9. பண்டித ரமாபாயைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பெண்களை ஒருமுறை கேட்காவுன் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஆசை. புனே தாண்டி தவுண்ட் போகிற ரயில் பாதையில் இருக்கிறது. அங்கேதான் ரமாபாயின் முக்தி இல்லம். 1870களின் பஞ்சத்தில் தகப்பன், தாய், அக்கா மூவரையும் பறிகொடுத்து, அண்ணனோடு ஊர் ஊராய் நடந்தவர். 1880இல் அண்ணன் போனார். 1882இல் கணவர் போனார், கையில் ஒரு பெண்குழந்தை. 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் எடுத்தார். 1889இல் இதே பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனம் தொடங்கினார். 1896இல் மறுபடி பஞ்சம் வந்தபோது, பட்டினி கிடந்த நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளைக் கேட்காவுனுக்குக் கூட்டிவந்தார். சோற்றுக்கு என்ன வழி என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் கிணறு தோண்டினார்.

1921இல் அவருடைய ஒரே மகள் மனோரமாவும் இறந்துபோனாள். அப்போதும் மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பை விடாமல் செய்தார். 1922 ஏப்ரலில் கண் மூடினார். விசுவாசித்தால் இழப்பு வராது என்று யாராவது சொன்னால் இந்த அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். இழப்பு வந்துகொண்டேதான் இருந்தது. அவர் அடுத்த பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்.

10. எழுதினதை அடியுங்கள், அடிக்க முடியாததை விட்டுவையுங்கள்.

ஒரு காரியம் முடிந்தால் நோட்டில் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நாம் கேட்டபடி நடக்காமல் வேறு விதமாக முடிந்திருந்தாலும் எழுதுங்கள். மூன்று வருஷம் கழித்து மனசு தளர்ந்த ஒரு நாளில் புரட்டினால், எத்தனை ராத்திரி எதற்கெல்லாம் முழித்திருந்தோம், அதில் எத்தனை கடந்துபோயிற்று என்று உங்கள் கையெழுத்தே உங்களுக்குச் சொல்லும். என்னிடம் இப்போது பதினேழு நோட்டுகள் இருக்கின்றன. "அரிசி" என்று எழுதின பக்கத்தில் 2020 ஏப்ரல் 28 என்று தேதி இருக்கிறது.

ஒரு வரி மட்டும் நோட்டுக்கு நோட்டு மாறி எழுதப்பட்டு வருகிறது. 2011இல் சின்னவன் என்னோடு சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போனான். எங்கே இருக்கிறான் என்று தெரியும், போன் எடுக்க மாட்டான். புது நோட்டு வாங்கியதும் முதல் பக்கத்தில் அவன் பெயரைத்தான் எழுதுகிறேன். அன்று என்னைக் கேட்ட தங்கச்சிக்கு இதைத்தான் வாசலில் சொல்லியிருக்க வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை உன் நோட்டைக் கொண்டுவா, ஏழரை மணிக்கு. முதலில் நான் என் வரியை வாசிக்கிறேன், அப்புறம் நீ உன்னுடையதை வாசி.